ஒன்பதாம் இடம் துரதிர்ஷ்டம் அல்ல

சென்ற இதழில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணியைப் பற்றி வந்த கட்டுரைக்கு இது என் மறுப்பு. கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இதுதான்: 2025 பிப்ரவரி 8 அன்று சால்ட் லேக் மைதானத்தில் சென்னையின் எஃப்சியிடம் 3-0 என்று தோற்ற அந்த ஓர் இரவுதான் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே-ஆஃப் வாய்ப்பைப் பறித்தது, அந்தத் தோல்வி ஒரு விபத்து, சீசன் முழுவதும் காயங்களும் நடுவர்களும் அணியை வஞ்சித்தார்கள், அடுத்த முறை பெரிய ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கிவிட்டால் முதல் ஆறு இடங்களில் ஒன்று உறுதி. கடைசியாக, கிளப்பைக் குறை சொல்லும் நம்மைப் போன்ற தமிழர்களுக்கு அந்த மண்ணின் உணர்ச்சி புரியாது, ஆதரவாளன் வாயை மூடிக்கொண்டு துணை நிற்க வேண்டும் என்றும் அறிவுரை சொல்கிறார்.

இவற்றில் ஒன்றுகூட நிற்காது. இப்படிப்பட்ட ஆறுதல்கள்தாம் இந்த அணியை 2024-25 வரை ஐந்து சீசன்களாக அதே இடத்தில் உட்கார வைத்தன. அதனால்தான் பொறுத்துப் போக முடியவில்லை.

நான் கொல்கத்தாவின் டாலிகஞ்ச்சில் குடியிருக்கிறவன். நேதாஜி நகர், ஆசாத்கட், பிஜய்கட் என்று பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பிய காலனிகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. விட்டுவந்த மண்ணின் பெயரைத் தாங்கிய கிளப் என்பதால் இந்தத் தெருக்களில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு குடும்ப உறுப்பினரின் இடம் உண்டு. சிவப்பும் மஞ்சளுமான கொடி மாடியில் பறக்காத சந்து இங்கே குறைவு. ஆட்டம் முடிந்து கடைசி மெட்ரோவில் திரும்பி மகாநாயக் உத்தம் குமார் நிலையத்திலிருந்து வெளியே வரும் இளைஞர்களின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளலாம். அந்த முகங்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது உண்மைதான். பொய்யான ஆறுதலைத் தலையில் கட்டுவதற்கு அவர்கள் குழந்தைகள் அல்லர்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கட்டுரையாளர் பெரிதும் நம்புவது அதைத்தான்.

சென்னையின் ஆட்டம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் 19 ஆட்டங்களில் 18 புள்ளிகள் எடுத்திருந்தது. அதற்குப் பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங்கை 3-1, பஞ்சாபை 3-1, ஹைதராபாத்தை 2-0 என்று வரிசையாக வென்றது. பெங்களூருவுடன் 1-1 என்று டிரா செய்தது, ஷில்லாங்கில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் 4-0 என்று தோற்றது. மொத்தம் 24 ஆட்டங்கள், 28 புள்ளிகள், பதின்மூன்று அணிகளில் ஒன்பதாவது இடம். ஆறாவதாக வந்து பிளே-ஆஃபுக்குப் போன மும்பை சிட்டிக்கு 36 புள்ளிகள். இடைவெளி எட்டு.

இப்போது சென்னையின் ஆட்டத்தை வென்றதாகவே வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளிகள் கூடி 31. கேரளா பிளாஸ்டர்ஸ் 29, ஒடிசா 33. ஆக ஒன்பதாவது இடம் எட்டாவது ஆகியிருக்கும். அந்த ஓர் இரவு பறித்துக்கொண்டது இவ்வளவுதான். பெங்களூருவுடனான டிராவையும் வெற்றியாக்கினால் 33, அப்போதும் மும்பை மூன்று புள்ளிகள் முன்னே நிற்கிறது. நார்த்ஈஸ்ட்டிடம் வாங்கிய நான்கு கோல் தோல்வியையும் அழித்துவிட்டு அங்கேயும் ஒரு வெற்றியை எழுதிக்கொண்டால்தான் ஆறாவது இடத்தின் வாசல் தெரியும். ஒரு விபத்து என்று தொடங்கியவர் மூன்று ஆட்டங்களின் முடிவை மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

அந்தத் தோல்வியால் அணியின் மனம் உடைந்துவிட்டது என்கிறார். உடைந்த மனத்தோடு யாராவது அடுத்த மூன்று ஆட்டங்களையும் வெல்வார்களா? எட்டு கோல்கள் அடிப்பார்களா? வென்றது முகமதனையும் பஞ்சாபையும் ஹைதராபாத்தையும். சீசன் முடிவில் பட்டியலில் ஈஸ்ட் பெங்காலுக்கும் கீழே இருந்த அணிகள் நான்கு. அவற்றில் மூன்று இவை.

நான்காவது அணி சென்னையின் எஃப்சி. இதைக் கட்டுரையாளர் எங்கேயும் சொல்லவில்லை. அந்த சீசனில் சென்னையின் பதினோராவது இடத்தில் முடிந்தது, 27 புள்ளிகளோடு. டிசம்பரில் அதே அணியைச் சென்னையிலேயே 2-0 என்று ஈஸ்ட் பெங்கால் தோற்கடித்திருந்தது. அப்படிப்பட்ட அணி சால்ட் லேக்குக்கு வந்து முதல் அரைமணி நேரத்துக்குள் 2-0 என்று முன்னிலை பெற்றது. முதலாவது நம் தடுப்பாட்டக்காரர் காலிலிருந்தே நம் வலைக்குள் போனது, இரண்டாவதை வில்மர் ஜோர்டான் அடித்தார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் மிச்சம் இருந்தது. சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், பிளே-ஆஃப் கனவு எல்லாம் இருந்தும் ஒரு கோல்கூட வரவில்லை. கடைசி நிமிடங்களில் டேனியல் சீமா சுக்வு மூன்றாவதைப் போட்டார். அரைமணி நேரம் தடுமாறியதை வேண்டுமானால் விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். பின்தங்கிய அணி அவ்வளவு நேரம் கையாலாகாமல் ஓடிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது போலத் தோன்றும். தொடக்கத்தில் தோற்ற ஆறு ஆட்டங்களை ஒதுக்கிவிடுங்கள், மீதி 18 ஆட்டங்களில் 28 புள்ளிகள், அந்த விகிதத்தில் முழு சீசனும் ஆடியிருந்தால் 37 புள்ளிகள் வந்திருக்கும், பிளே-ஆஃப் கையில் இருந்திருக்கும் என்கிறார். பெருக்கல் சரிதான். ஆனால் லீக்கில் ஆறு ஆட்டங்களை ஒதுக்கிவைக்கும் சலுகையை எந்த அணிக்கும் யாரும் தருவதில்லை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தப் புள்ளிகள் யாரிடமிருந்து வந்தன என்று பார்க்க வேண்டாமா?

முதல் ஆறு இடங்களைப் பிடித்த அணிகள் மோகன் பகான், கோவா, பெங்களூரு, நார்த்ஈஸ்ட், ஜம்ஷெட்பூர், மும்பை. இவற்றோடு ஈஸ்ட் பெங்கால் ஆடியது 12 ஆட்டங்கள். எடுத்த புள்ளிகள் எட்டு. அடித்த கோல்கள் ஏழு. அந்த 12 ஆட்டங்களில் ஏழில் ஒரு கோல்கூட இல்லை. மோகன் பகானுக்கு எதிராக இரண்டு டெர்பியிலும் பூஜ்யம். ஜம்ஷெட்பூரையும் நார்த்ஈஸ்ட்டையும் தலா ஒரு முறை 1-0 என்று வென்றதோடு சரி. மற்ற ஆறு அணிகளோடு ஆடிய 12 ஆட்டங்களில் 20 கோல்கள், 20 புள்ளிகள். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கீழே உள்ளவர்களை அடிக்கத் தெரிந்த, மேலே உள்ளவர்களின் தடுப்பைத் திறக்கத் தெரியாத அணி இது. பிளே-ஆஃப் என்பதே மேலே உள்ளவர்களோடு மட்டும் ஆடும் கட்டம்.

மும்பை அடித்தது 29 கோல், நாம் 27, வெறும் இரண்டு கோல்தான் வித்தியாசம் என்று கட்டுரையாளர் மும்பையை உதாரணம் காட்டுகிறார். நல்லது, மும்பையையே எடுத்துக்கொள்வோம். கோல் அடிக்கத் திணறிய அந்த அணி ஆறாவது இடத்தைப் பிடித்து 2025 மார்ச் 29 அன்று பெங்களூருவுக்குப் போனது. ஒரே ஆட்டம், 5-0 என்று தோற்றுத் திரும்பியது. அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு நார்த்ஈஸ்ட் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. மார்ச் மாதத்திலிருந்து பாருங்கள்: பெங்களூருவுடன் டிரா, ஏஎஃப்சி சேலஞ்ச் லீக் காலிறுதியில் துர்க்மெனிஸ்தானின் அர்காதாகிடம் இங்கே 0-1, அங்கே 1-2, நடுவில் ஷில்லாங்கில் 0-4, ஏப்ரல் 20 அன்று புவனேஸ்வரில் சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-2. ஐந்து ஆட்டங்கள், இரண்டு கோல்கள், வெற்றி ஒன்றுகூட இல்லை. பிளே-ஆஃபுக்குப் போகும் தகுதி இருந்தும் வாய்ப்பு பறிபோனது என்று இந்த அணியைப் பற்றி எழுதக் கை எப்படித் துணிந்தது?

காயங்கள் இருந்தன. மறுக்கவில்லை. மதி தலால் டிசம்பரில் ஒடிசாவுக்கு எதிராக முழங்காலில் அடிபட்டு மீதி சீசன் முழுவதையும் இழந்தார். சவுல் கிரெஸ்போவும் பல வாரங்கள் ஆட முடியவில்லை. ஆனால் முதல் ஆறு தோல்விகளின்போது தலால் அணியில்தானே இருந்தார்? அந்த ஆறில் அடித்தது மொத்தம் நான்கு கோல்கள். ஒருவர் முழங்கால் போனதும் தாக்குதலே படுத்துவிடுகிறது என்றால் அது தாக்குதலே கிடையாது, ஒற்றை மனிதரின் திறமை. டிசம்பரில் போனவருக்குப் பிறகு ரிச்சர்ட் செலிஸும் மெஸ்ஸி பவுலியும் வந்து சேர்ந்தபோது புத்தாண்டு பிறந்து லீக்கின் பெரும்பகுதி ஓடிவிட்டிருந்தது. அந்தத் தாமதத்துக்கும் காயம்தான் காரணமா?

நடுவர்கள் விஷயத்தில் கட்டுரையாளர் இரண்டு ஆட்டங்களைச் சொல்கிறார். ஒன்று, 2024 நவம்பர் 9 முகமதன் ஆட்டம். அரைமணி நேரம் ஆவதற்குள் நந்தகுமார் சேகரும் நாவ்ரெம் மகேஷ் சிங்கும் அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்கள். மிச்சமிருந்த ஒன்பது பேர் ஒரு மணி நேரம் தாங்கிப் பிடித்து 0-0 என்று முடித்தார்கள், சீசனின் முதல் புள்ளி அது. அன்று அந்த ஒன்பது பேர் காட்டிய நெஞ்சுரத்துக்கு நான் தலைவணங்குகிறேன். இரண்டாவது, மார்ச் 2 பெங்களூரு ஆட்டம். மெஸ்ஸி பவுலி கோலால் முன்னிலையில் இருந்தோம். இடைவேளைக்குச் சற்று முன் டிமிட்ரியோஸ் டயமன்டாகோஸ் சிவப்பு அட்டை வாங்கினார். கடைசியில் நாற்பது வயது சுனில் சேத்ரி பெனால்டியை வலைக்குள் போட்டார். பிளே-ஆஃப் கனவு கணக்குப்படியும் அன்றுதான் முடிந்தது. உயிர்போகும் ஆட்டத்தில் முன்னிலையில் இருக்கும்போது அணியின் முதன்மை ஸ்ட்ரைக்கர் வெளியேற்றப்படும்படி நடந்துகொள்கிறார். இதில் நடுவரைப் பழிப்பது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்ன கதைதான். சரி, இந்த இரண்டு ஆட்டங்களிலும் நடுவரே தவறு செய்தார் என்று ஒப்புக்கொண்டாலும், நாம் கோல் அடிக்காத ஒன்பது லீக் ஆட்டங்களில் அது ஒன்றைத்தான் விளக்கும். மீதி எட்டை?

இனி ஸ்ட்ரைக்கர் விஷயம். கட்டுரையின் உயிர்நாடி இதுதான், மிகப்பெரிய பொய்யும் இதுதான்.

ஒரு பெரிய கோல்காரர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வந்தாரே! 2023-24 ஐஎஸ்எல்லில் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வென்றவர் டயமன்டாகோஸ். அதே சீசனில் பஞ்சாபுக்காக ஆடி லீக்கிலேயே அதிக கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர் மதி தலால். நாட்டின் தலைசிறந்த கோல்காரரையும் தலைசிறந்த படைப்பாளியையும் ஒரே கோடையில் வாங்கிப்போட்டது ஈஸ்ட் பெங்கால். டூரண்ட் கோப்பையில் முகமதனுக்காக அதிக கோல் அடித்த டேவிட் லால்லன்சங்காவும் அந்தக் கோடையில்தான் வந்தார். முந்தைய சீசனில் இவர்கள் யாரும் இல்லாமல் 22 ஆட்டங்களில் 27 கோல்கள். இவர்கள் வந்த பிறகு 24 ஆட்டங்களில் அதே 27. இந்த எண்களைப் பார்த்த பிறகும் இன்னொரு ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வீரர் பரிமாற்றச் சந்தைச் செய்திகளை மட்டும் படித்திருக்கிறார்.

டயமன்டாகோஸ் லீக்கில் அடித்தது நான்கு கோல்கள். அவர் கிழவராகிவிட்டார், காசு வீண் என்று தெருவுக்குத் தெரு பேச்சு. அது அநியாயம். 2024 அக்டோபர் கடைசியில் பூட்டானின் திம்புவில் ஏஎஃப்சி சேலஞ்ச் லீக் குழு ஆட்டங்கள் மூன்று நடந்தன. எதிரணிகள் பாரோ, வங்கதேசத்தின் பசுந்தரா கிங்ஸ், லெபனானின் நெஜ்மே. அங்கே அவர் ஒரு வாரத்துக்குள் நான்கு கோல்கள் அடித்தார். ஒரு வாரத்தில் நான்கு கோல் அடித்த அதே கால்கள்தான் முழு லீக்கிலும் நான்கோடு நின்றன. திம்புவில் தலால் ஆடினார், பந்து பாக்ஸுக்குள் வந்துகொண்டே இருந்தது. லீக்கில் என்ன நடந்தது? தடுப்பாட்டக்காரர்களிடமிருந்து பந்து மெதுவாக ஏறும், விங்கில் நின்று தயங்கும், உள்ளே வெட்டி வர ஆள் இல்லாமல் மீண்டும் பின்னால் போகும். நடுவில் இரண்டு எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையே டயமன்டாகோஸ் கையை உயர்த்தியபடி தனியாக நிற்பார். டிசம்பருக்குப் பிறகு அவருக்கும் நடுக்களத்துக்கும் இடையே யாருமே இல்லாத ஒரு வெட்டவெளி உருவாகிவிட்டது. அங்கே உலகின் எந்த ஸ்ட்ரைக்கரை நிறுத்தினாலும் இதே கதிதான்.

இது முதல் தடவையும் அல்ல. 2022-23 சீசனில் கிளெய்டன் சில்வா 12 கோல்கள் அடித்தார். அந்த ஆண்டு லீக்கில் அவரைவிட அதிகமாக யாரும் அடிக்கவில்லை. அணி அடித்த மொத்தமே 22. முடிந்த இடம் ஒன்பது. கோல்காரர் கோல் அடித்த ஆண்டிலும் ஒன்பது, அடிக்காத ஆண்டிலும் ஒன்பது.

இங்கிருந்து போனவர்களையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி 8 அன்று மூன்றாவது கோலைப் போட்ட சீமா சுக்வு 2021-22 சீசனில் நம்முடைய அணியில் இருந்தவர். இங்கே உதவாதவர் என்று பெயர் வாங்கி நடுவிலேயே ஜம்ஷெட்பூருக்குப் போனார், ஜம்ஷெட்பூர் அந்த சீசனின் லீக் ஷீல்டை வென்றது, அவர் அங்கே கோல்களாக அடித்தார். 2024 செப்டம்பரில் கோவா நம்மை 3-2 என்று தோற்கடித்த ஆட்டத்தில் மூன்று கோலையும் அடித்த போர்ஹா ஹெரேரா அதற்கு முந்தைய சீசனில் சிவப்பு-மஞ்சள் சட்டை போட்டிருந்தவர். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பயிற்சியாளர் கார்லெஸ் குவாட்ராட் பதவி விலகினார். இங்கே தரையில் கிடப்பவர் இன்னோர் அணிக்குப் போய் எழுந்து நிற்கிறார் என்றால் கோளாறு ஆளிடமா, தரையிடமா?

தரை எப்படிக் கெட்டது என்பதற்கு ஒரு பட்டியல் போதும். ராபி ஃபவுலர், மனோலோ டயஸ், மரியோ ரிவேரா, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், குவாட்ராட், ஆஸ்கர் புருஸோன். ஐஎஸ்எல்லில் முதல் ஐந்து சீசன்களுக்குள் ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள், இடைக்காலப் பொறுப்பு வகித்த ரெனடி சிங்கையும் பினோ ஜார்ஜையும் சேர்க்காமல். ஸ்ரீ சிமென்ட், பிறகு எமாமி என்று முதலீட்டாளரும் மாறினார். முதல் இரண்டு ஆண்டுகளும் ஒப்பந்தத் தகராறில் அணியே கடைசி நேரத்தில் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலையில் அதைக் கேட்கக் கிளப்பின் வாசலில் கூடிய ரசிகர்கள் போலீஸ் தடியடி வாங்கினார்கள். தடுப்பாட்டத்தை ஒரு நல்ல பயிற்சியாளர் சில மாதங்களில் ஒழுங்குபடுத்திவிடலாம். தாக்குதல் அப்படி வராது. ஒருவர் எந்த நொடியில் ஓடுவார் என்று இன்னொருவர் பார்க்காமலே தெரிந்துகொள்ள ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை ஈஸ்ட் பெங்கால் யாருக்கும் தந்ததில்லை.

மனம் கசந்தாலும் எதிரணியைக் காட்டித்தான் ஆக வேண்டும். 2024-25இல் 56 புள்ளிகளோடு லீக் ஷீல்டையும் அதன் பிறகு கோப்பையையும் வென்ற மோகன் பகான் லீக்கில் அடித்தது 47 கோல்கள். மன்வீர் சிங் அங்கே 2020இல் வந்தார். லிஸ்டன் கொலாசோ 2021இல். திமித்ரி பெட்ராடோஸ் 2022இல். ஜேசன் கம்மிங்ஸ் 2023இல். ஜேமி மெக்லாரன் 2024இல். ஆண்டுக்கு ஒருவர், முன்னவர் இருக்கும்போதே பின்னவர். ஐந்து ஆண்டுகளில் அடுக்கடுக்காகக் கட்டிய முன்களம் அது. இடது பின்கள வீரரான சுபாசிஷ் போஸ் ஆறு கோல்கள் அடித்தார். நம் தங்கக் காலணிக்காரர் அடித்ததைவிட அவர்களின் தடுப்பாட்டக்காரர் அடித்தது அதிகம். அவர்களிடம் பணம் இருக்கிறது என்று கட்டுரையாளர் ஒரு வரியில் தள்ளிவிடுகிறார். டயமன்டாகோஸையும் தலாலையும் வாங்கிய கிளப் ஏழைக் கிளப் என்று யாரிடம் சொல்வது?

பணமும் வேண்டாம், பகானும் வேண்டாம், நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். அதே கிளப், அதே கொடி, அதே சீசன். ஆந்தனி ஆண்ட்ரூஸ் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் பெண்கள் அணி 2025 ஏப்ரலில் இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை வென்றது. 2003-04இல் ஆண்கள் தேசிய லீக்கை வென்ற பிறகு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து கிளப்புக்குக் கிடைத்த தேசிய லீக் பட்டம் அது. பட்டத்தை உறுதிசெய்த கோலை அடித்தவர் வங்காளத்துப் பெண் சங்கீதா பாஸ்போர். பிளே-ஆஃப் வாய்ப்பு போனதற்குப் பக்கம் பக்கமாக அழுத கட்டுரையில் இந்தப் பெண்களுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை. அது மறதி என்றால் வெட்கப்பட வேண்டிய மறதி.

தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஈஸ்ட் பெங்காலின் நூறாண்டு வரலாற்றில் மிகச் சிறந்த தாக்குதல் வரிசை எது என்று எங்கள் தெருவில் எந்த முதியவரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பஞ்ச பாண்டவர். அகமது கான், வெங்கடேஷ், சாலே, அப்பாராவ், தன்ராஜ். ஐந்து பேரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐஎஃப்ஏ ஷீல்டை வென்ற காலம் அவர்களுடையது. வீடிழந்து வந்து காலனிகளில் கூரை தேடிக்கொண்டிருந்த மக்களுக்கு அந்த ஆண்டுகளில் தலைநிமிர ஒரு காரணம் கொடுத்தவர்கள் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் தமிழும் புழங்கும் மண்ணிலிருந்து வந்தவர்கள். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்தி, நான்கரை ஆண்டுகளாக டெர்பி வெற்றியே காணாத ரசிகர்களைக் கண்ணீர்விட வைத்த கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அன்று டாலிகஞ்ச் டிராம் டிப்போவிலிருந்து நேதாஜி நகர் வரை அவர் பெயரைச் சொல்லிக் கூவாத வாய் இல்லை. இந்தக் கிளப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை என்று எவரும் சொல்லத் தேவையில்லை.

பஞ்ச பாண்டவரைக் கட்டுரையாளரும் குறிப்பிடுகிறார், பழம்பெருமை திரும்பும் என்பதற்குச் சான்றாக. அவர் எடுத்துக்கொண்டது பெயரை, விட்டுவிட்டது பாடத்தை. ஒவ்வோர் ஆண்டும் ஐந்து புதுப் பெயர்களை வாங்கியதால் அந்த வரிசை உருவாகவில்லை. ஐவரும் சேர்ந்து பல சீசன்கள் ஆடியதால் உருவானது.

அடுத்த சீசனுக்குக் காத்திருங்கள் என்று கட்டுரையை முடிக்கிறார். ஐஎஸ்எல்லுக்கு வந்த 2020-21இல் ஒன்பதாவது இடம். அடுத்த ஆண்டு பதினோராவது, கடைசி. பிறகு ஒன்பது. பிறகு ஒன்பது. 2024-25இல் மீண்டும் ஒன்பது. ஒவ்வொரு முறையும் ரசிகனிடம் சொல்லப்பட்டது இதே வாக்கியம்தான். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றபோது உண்மையிலேயே ஒரு வாசல் திறந்தது. குவாட்ராட்டின் அந்த அணிக்கு ஓர் ஒழுங்கு இருந்தது, விங்கில் நந்தகுமாரும் மகேஷும் ஓடினார்கள், கிளெய்டன் முடித்தார். அதை வளர்த்தெடுப்பதற்குப் பதிலாக அதன் மேல் பெரிய பெயர்களைக் கொட்டினார்கள். அடுத்த சீசனில் மூன்று லீக் ஆட்டங்கள் முடிந்ததும் பயிற்சியாளரும் போனார்.

கட்டுரையாளரிடமும் இதைப் படிக்கும் ஈஸ்ட் பெங்கால் நண்பர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை விமான நிலையத்துக்கு மாலையோடு போய் யாரோ ஒரு புது ஸ்ட்ரைக்கரின் பெயரைக் கூவுவதற்கு முன்னால் கிளப் நிர்வாகத்திடம் சில கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். பயிற்சியாளருக்குக் குறைந்தது மூன்று சீசன் தருவீர்களா? தலால் போன்ற ஒருவர் இல்லாத நாளில் அந்த இடத்தில் ஆட யாரைத் தயார்செய்து வைத்திருக்கிறீர்கள்? கல்கத்தா லீக் அணியிலிருந்து மேலே வந்த பி.வி. விஷ்ணுவுக்கும், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இறக்கப்பட்ட டேவிட்டுக்கும் தொடர்ச்சியாக ஆட வாய்ப்பு தருவீர்களா? பதில் எழுத்தில் வரும்வரை கேட்பதை நிறுத்தாதீர்கள். ஆதரவாளன் செய்ய வேண்டிய வேலை இதுதான். வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் கட்டுரைகளைப் பொருட்படுத்தாதீர்கள்.